மாட வீதியில் ஒரு மண்டலம்

எனக்கு முப்பத்துநாலு வயது ஆகிற வரையில் நான் ஓடியதே இல்லை. பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். மழை பிடித்துக்கொண்டால் நனைந்துகொண்டே நடப்பேன். ஒருமுறை நாய் துரத்தியபோதுகூட நின்றுவிட்டேன். அது என்னைப் பார்த்துக் குழம்பிப்போய்த் திரும்பிவிட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங். எங்கள் வீட்டில் அதற்கு இழுப்பு என்று பெயர். "அவளுக்கு இழுப்பு" என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒட்டடை அடிப்பதிலிருந்து அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் இடிபடுவது வரை எல்லாவற்றிலிருந்தும் எனக்கு விடுதலை. உள்ளதைச் சொன்னால், அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

என் பெண்ணுக்கும் இழுப்பு வந்தபோதுதான் அது பிடிக்காமல் போனது. நாலு வயதில் ஒரு ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. அவளுக்கு என் மூக்கு, என் முன்கோபம், கூடவே என் இழுப்பும். ஒவ்வொரு ஜூன் மாதமும் நோட்டுப் புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போட்டு முடித்த கையோடு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதுவேன். இவளுக்கு வீசிங் இருப்பதால் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் அம்மா எனக்கு எழுதிக் கொடுத்த அதே வாசகம். எழுதும்போது கை தயங்கியதே இல்லை.

அவள் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். விளையாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் பெண் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஐந்தாறு வாட்சுகள், ரப்பர் பேண்டுகள், ஒரு மூக்குக்கண்ணாடி. ஓடுகிற பிள்ளைகள் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள். அது அவள் வேலை. வீட்டில் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், "நான்தாம்மா வாட்ச் பாத்துக்கறேன், மிஸ் என்னைத்தான் நம்புவா" என்று. நான் அன்றைக்குப் பார்த்தது வாட்சை அல்ல, அவள் பாதங்களை. மைதானத்தில் பிள்ளைகள் ஓடும்போது மண்ணில் ஊன்றியிருந்த அவள் பாதங்கள் இரண்டும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன. உட்கார்ந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள். டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே அடையாறில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அவளை அழைத்துப் போனோம். அந்த டாக்டர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். சோதித்துப் பார்த்தாள், தினமும் போட்டுக்கொள்ள ஒரு மருந்தும் அவசரத்துக்கு ஒரு இன்ஹேலரும் எழுதினாள், கடைசியாக, "இவளை ஓட விடுங்க" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. "எனக்கும்தான் வீசிங். நான் ஓடறேனா?" என்றேன்.

"ஏன் ஓடலை?" என்று கேட்டாள் அந்த டாக்டர். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். பதினொரு வருஷ தாம்பத்தியத்தில் கற்றுக்கொண்டது அது.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஓடுவதற்குக் கால் மணி முன்னால் இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துக்கொள். முதலில் பத்து நிமிஷம் நடை. பிறகு ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை மெதுவாக ஓட்டம். அடுத்த இரண்டு கம்பத்துக்கு நடை. மூச்சு திணறினால் நில். புகை, தூசி, பனி அதிகமான நாளில் வீட்டிலேயே இரு. பெண்ணை ஓட விட எனக்குத் தைரியம் இல்லை. என்னை ஓட விட்டுப் பார்க்கலாம். நான் ஓடிச் செத்துப்போகவில்லை என்றால் அவளும் சாக மாட்டாள். அவ்வளவுதான் என் கணக்கு. அசட்டுக் கணக்குதான், ஆனால் அம்மாக்களின் கணக்கு வேறு எப்படி இருக்கும்?

ஷூ வாங்கப் பாண்டி பஜாருக்குப் போனோம். வெள்ளை கான்வாஸ் ஷூ என்றதும் கடைக்காரர் என் பெண்ணின் காலைப் பார்த்து அளவு எடுக்க ஆரம்பித்தார். எனக்கு என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, தணிந்த குரலில், "சர்க்கரைங்களா?" என்று கேட்டார். புடவை கட்டின பெண்பிள்ளை கான்வாஸ் ஷூ போட்டால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்கிற காலம் அது. "ஆமாம்" என்றேன். கடையை விட்டு வெளியே வந்ததும் என் கணவர், "எதுக்குப் பொய்?" என்றார். எதுக்கு என்று எனக்கும் தெரியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வராது. அது என் சுபாவம், அதற்கான தண்டனையும் எனக்கு அந்த வருஷமே கிடைத்தது.

கார்த்திகை மாதம் இருபது தேதி வாக்கில், மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு, துப்பட்டாவைக் குறுக்கே போட்டு ஊக்கு குத்திக்கொண்டு கிளம்பினேன். பூங்காவுக்குப் போனால் தெரிந்தவர்கள் எல்லாரும் வாக்கிங் வருவார்கள். கடற்கரை தூரம். கபாலி கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள் வாசலிலேயே இருக்கின்றன. கோயிலும் குளமும் சேர்த்து ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கக்கூட இல்லை. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கோயிலை வலமாகவே சுற்றிப் பழகின கால், தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

என் கணவர் இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெந்நீர் பிளாஸ்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, மொபெட்டில் பின்னாலேயே வந்தார். முதல் கம்பத்திலிருந்து இரண்டாவது கம்பம் வரை ஓடினேன். இருமல் பிடித்துக்கொண்டது. என் நெஞ்சின் குற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் காற்று பின்னாலிருந்து வீசியது, இவர் வண்டிப் புகை முழுக்க என் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. காப்பாற்ற வந்தவர் அரை பர்லாங் தூரத்தில் என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தார். வடக்கு மாட வீதியில் பால் பூத் வரிசையில் நின்றிருந்த ஒரு பெரியவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து நாலடி ஓடிவந்து, "யாருக்கு என்னம்மா? ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்று கேட்டார். பெண்பிள்ளை ஓடினால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். பேச மூச்சில்லை.

மறுநாள் அவர் மொபெட்டை விட்டுவிட்டு, மேல் வீட்டுக்காரர்களின் பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தார். பெண்ணை எப்படித் தனியாக விட்டு வருவது என்ற பிரச்சினையும் அதில் தீர்ந்தது. குரங்குக் குல்லாயும் கம்பளி ஸ்வெட்டருமாக அவளைக் கேரியரில் உட்கார வைத்துவிட்டார். முன்னால் நான் மூச்சிரைக்க ஓட, பின்னால் சைக்கிளில் அப்பாவும் பெண்ணும் பிளாஸ்க்கும். ஒரு சின்ன ஊர்வலம்.

தெற்கு மாட வீதி முனையில் சாக்கை விரித்துப் பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி உண்டு. ஐம்பது வயது இருக்கும், குரல் மட்டும் நாலு பேருக்குப் போதுமானது. நான் தினமும் பூ வாங்குகிறவள்தான். மூன்றாம் நாள் அவள் முன்னால் வந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இரைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையும் சைக்கிளில் குல்லாய்க்குள் கொட்டாவி விடும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, மூணு நாளா சாமியச் சுத்தி ஓடிக்கினுகீற. புள்ளைக்கு வேண்டுதலா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"எத்தினி நாளு?"

இருந்த மூச்சில் ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்ல முடியும். "மண்டலம்" என்றேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அடுத்த நாலு நாளில் நாலு மாட வீதிக்கும் தெரிந்துவிட்டது, இழுப்பு வந்த பெண் குழந்தைக்காக அதன் தாயார் நாற்பத்தெட்டு நாள் கோயிலை ஓடிச் சுற்றுகிறாள் என்று. மேற்குப் பக்கத்து பஸ் ரோடில் டீக்கடை வாசலில் நின்று விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் எனக்கு வழிவிட்டார்கள். ஒருவன், "மச்சி, சிகரெட்ட அணைடா, வேண்டுதல்காரம்மா வருது" என்றான். பால் பூத் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சுடிதார் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த மேல் வீட்டு மாமி, "எனக்குத் தெரியாம போச்சேடி" என்று கண் கலங்கிக் குங்குமம் கொடுத்தாள். என் கணவர் மட்டும், "சாமி விஷயத்துல விளையாடாதே" என்றார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். உடம்புக்காக ஓடுகிறேன் என்று சொல்லியிருந்தால் இரண்டாம் வாரமே ஆளாளுக்குப் புத்தி சொல்லி நிறுத்தியிருப்பார்கள். வேண்டுதல் என்றதும் யாருக்கும் எதிர்த்துப் பேச வாயில்லை. எனக்கும் நிறுத்த வழியில்லை. தூக்கம் வருகிறது, கால் வலிக்கிறது என்று ஒரு நாள்கூடப் படுத்துவிட முடியாது, பூக்காரம்மாள் கணக்கு வைத்திருந்தாள். ஷூ போட்டுக்கொண்டு சாமியைச் சுற்றலாமா என்று ஒரு வழக்கு வந்தது. டாக்டர் சொன்னது என்றதும், "சாமியாண்ட சொல்லிடு, கோச்சுக்க மாட்டாரு" என்று அவளே தீர்ப்பு சொன்னாள். மாதத்தில் அந்த மூன்று நாள் ஓடலாமா என்று மாமி மெதுவாகக் கேட்டாள். அதற்கும் தீர்ப்பு பூக்காரம்மாளிடமிருந்தே வந்தது. "கோயிலுக்குள்ளயா போறா? வெளியதான ஓடுறா." ஆகமம் தெரிந்தவர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் முடிவு சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் பெண் கேரியரில் உட்கார்ந்து கம்பங்களை எண்ண ஆரம்பித்தாள். முதல் வாரம் ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு நடை. மார்கழி பிறந்தபோது மூன்று கம்பம் ஓட்டம், ஒன்று நடை. பின்னாலிருந்தே என் தோள்களைக் கவனிப்பாள். மூச்சு ஏறி ஏறித் தோள் காதுக்கிட்ட வந்ததும், "அம்மா, நட. இப்போ நட" என்று ஆணை வரும். நடப்பேன். தோள் இறங்கியதும், "சரி, ஓடு." அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இழுப்பைப் பற்றி என் வீட்டில் என்னைவிட அதிகம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மார்கழி பஜனைக் கோஷ்டி ஒரு தொல்லை. ஆர்மோனியமும் ஜால்ராவுமாக வீதியை அடைத்துக்கொண்டு அன்னநடையில் போவார்கள். முந்திக்கொண்டு ஓடினால் மரியாதை இல்லை என்று பின்னாலேயே தாளத்துக்கு ஏற்றபடி குதித்துக்கொண்டு போவேன். சாம்பிராணிப் புகை எனக்கு ஆகாது. ஒரு திருப்பத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவர்களைத் தாண்டி ஓடினேன். முப்பத்தோராம் நாள், ஒரு சுற்று முழுக்க நிற்காமல் ஓடி முடித்தேன். பூக்காரம்மாள் முன்னால் வந்து நின்றபோது நெஞ்சில் விசில் சத்தம் இருந்தது, ஆனால் அதற்குக் கீழே காற்றும் இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை என் கணவரிடமும் சொன்னேன். "சரி, சரி" என்று வெந்நீரை ஊற்றிக் கொடுத்தார்.

அன்று காலை வீட்டுக்குத் திரும்பும்போதுதான் என் பெண் கேட்டாள், "இன்னும் பதினேழு நாள்தானே? அதுக்கப்புறம் எனக்கு இழுப்பு வராதில்லையாம்மா?"

நான் நின்றுவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்களாம். பூக்காரம்மாள், மேல் வீட்டு மாமி, பால் பூத் தாத்தா எல்லாரும். மண்டலம் முடிந்ததும் கபாலி அவள் இழுப்பை எடுத்துக்கொண்டுவிடுவார். பிப்ரவரியில் பள்ளிக்கூட விளையாட்டு விழா வருகிறது. அதில் ஓடுகிறேன் என்று மிஸ்ஸிடம் பெயர்கூடக் கொடுத்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? வாய் வரை வந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது, அதுவும் என் கையாலேயே.

முப்பத்தொன்பதாம் நாள் போகி. நாலு மணிக்கே தெருவெல்லாம் தீ. பழைய பாய், முறம், துணி, அவற்றோடு டயர். ஜன்னலைத் திறந்ததும் கரிப்புகை முகத்தில் அடித்தது. "இன்னிக்கு வேண்டாம். டாக்டர் எழுதியே கொடுத்திருக்கா" என்றார் என் கணவர். வேண்டாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் என் பெண் அதற்குள் குல்லாயை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஒரு நாள் விட்டா முதல்லேர்ந்து எண்ணணுமாம்மா. இன்னிக்கு ஓடிட்டா ஒம்பதுதான் பாக்கி."

குழந்தையை இந்தப் புகையில் வெளியே விட மாட்டேன் என்று அவர் கதவைச் சாத்தினார். அவளை மாமியிடம் விட்டுவிட்டு சைக்கிளில் வருவதாகச் சொன்னார். அதற்கும் காத்திருக்காமல் நான் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரே ஒரு சுற்று, நடந்தாவது முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பொய்யைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. குழந்தைக்காகப் போகிறேன் என்றுதான் தோன்றியது.

தெற்கு மாட வீதி முனை வரைக்கும் போனேன். அதற்கு மேல் உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. இழுப்பு வந்தவர்களுக்குத் தெரியும், அது மூச்சு கிடைக்காமல் போவதில்லை, மூச்சை விட முடியாமல் போவது. நெஞ்சு ஊதிக்கொண்டே போகிறது, இடமில்லை. பூக்காரம்மாளின் சாக்கில் மல்லிகை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சைக்கிளில் வந்து இன்ஹேலரைக் கொடுத்தார். நாலு தடவை அடித்தும் கேட்கவில்லை. ஆட்டோவை மறித்தவள் பூக்காரம்மாள்தான். என்னைத் தூக்கி உட்கார வைத்து, தானும் ஏறி, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பொங்கலுக்கு முந்தின நாள், வருஷத்தில் பூ அதிகம் விற்கிற நாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ராயப்பேட்டை போகிற வரையில் ஈரக்கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே, "வுட்றாத கண்ணு, வுட்றாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை வைத்தார்கள். அரை மணியில் நெஞ்சு கொஞ்சம் தளர்ந்தது. கண்ணைத் திறந்தபோது பூக்காரம்மாள் நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒம்போது நாள் கீதும்மா வேண்டுதல். நாளைக்கு அது ஓடணும். எப்டியாச்சும் சரி பண்ணி வுட்ரு."

எனக்குத் தாங்கவில்லை. முகமூடியைக் கழற்றினேன். "வேண்டுதல் இல்லை" என்றேன். "டாக்டர் ஓடச் சொன்னா. ஓடினேன். நீங்க கேட்டப்போ பேச முடியலை, தலையை ஆட்டிட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டாள். என் கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். பூக்காரம்மாள் முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மதியம் வீட்டுக்கு வந்தேன். என் பெண் கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மண்டலம் உடைந்துபோனது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளிடமும் சொன்னேன். வேண்டுதல் எதுவும் இல்லை. நாற்பத்தெட்டு நாள் ஓடியிருந்தாலும் உன் இழுப்பு போயிருக்காது.

"அப்போ எப்போ போகும்?"

"தெரியலைடி. பெரியவளானா சிலருக்குப் போகும். சிலருக்குப் போகாது."

"உனக்கு?"

"எனக்குப் போகலை."

போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "ஆனா நீ முழு ரவுண்டு ஓடினே" என்றாள். ஓடினேன் என்றேன். "அப்போ நான் பேர் கொடுத்தது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

டாக்டர் வசை பாடினாள். அவளுக்கும் முழுக்கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் சிரிப்பை அடக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள், மறுபடி திட்டினாள். பத்து நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு ஒரு கம்பம், இரண்டு கம்பம். இந்தத் தடவை யாரும் கும்பிடவில்லை. செய்தி அதற்குள் பரவியிருந்தது. டீக்கடைப் பையன்கள் சிகரெட்டை அணைக்கவில்லை, அவனவன் பாட்டுக்குப் பிடித்தான். நான்தான் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் தாண்டினேன். மாமி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு தன் முழங்கால் வலிக்கு இந்த ஓட்டம் ஆகுமா என்று கேட்டாள்.

பூக்காரம்மாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பூ கேட்டால் பக்கத்துக் கடையைக் காட்டுவாள். ஐந்தாவது நாள் நான் அவள் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"சாமி பேரச் சொல்லிக்கினு முப்பத்தெட்டு நாளு ஓடிகீற. அதுக்குப் பதில் சொல்லணும். செருப்பக் கழட்டு. ஒரு சுத்து சுத்திட்டு வா. ஓடாத, நட. சாமிய எவனாச்சும் ஓடிச் சுத்துவானா?"

ஷூவையும் சாக்ஸையும் அவள் சாக்கின் ஓரத்தில் வைத்தேன். தரை குளிர்ந்திருந்தது. சாணித் தண்ணீர் தெளித்த வாசல்களில், காயாத கோலங்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். ஓடும்போது பார்க்காத கோபுரத்தை நாலு பக்கமும் பார்த்தேன். நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுதுவதாக இல்லை. திரும்பி வந்தபோது ஷூவுக்குள் பனி படாமல் அதன்மேல் வாழை இலையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து பூ கொடுத்தாள். முழம் முன்பைவிடக் கொஞ்சம் குட்டை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிப்ரவரி கடைசியில் விளையாட்டு விழா. என் பெண்ணுக்கு மைதானத்தை ஒரு முழுச் சுற்று ஓடுகிற போட்டி. நானும் அவரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். கால் மணி முன்னால் மருந்து கொடுத்தாயிற்று, பத்து நிமிஷம் நடக்க வைத்தாயிற்று. எட்டுப் பிள்ளைகள். விசில் ஊதினதும் கிளம்பினார்கள். முதல் திருப்பம் வரை என் பெண் மூன்றாவதாகத்தான் ஓடினாள். இரண்டாவது திருப்பத்தில் தோள் ஏறிவிட்டது. எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது. அவள் நின்றுவிட்டாள்.

மற்ற ஏழு பேரும் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் அவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது நாள் என் நெஞ்சைப் பழக்கினேனே தவிர, இதற்கு என்னை யாரும் பழக்கவில்லை. கயிற்றைத் தூக்கி உள்ளே நுழையக் குனிந்துவிட்டேன். என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். என் கணவர்தான். மொபெட்டிலும் சைக்கிளிலும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்த மனுஷன். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"உன்னை ஓட விட்டேன் இல்லியா? அவளையும் விடு" என்றார்.

விட்டேன். அவள் நடந்தாள். பத்தடி, இருபதடி. போட்டி முடிந்து முதல் மூன்று பேரின் பெயரை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோள் இறங்கியது. மறுபடி ஓட ஆரம்பித்தாள், மெதுவாக, யாரையும் பிடிக்க வேண்டிய அவசரம் இல்லாமல். கடைசிக் கோட்டில் கட்டியிருந்த நாடாவை அதற்குள் எடுத்துவிட்டார்கள். வெறும் கோட்டைத் தாண்டிப் போய், அங்கே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளோடு தானும் விழுந்து உட்கார்ந்தாள்.

இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். வாங்கி இரண்டு தடவை இழுத்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பக்கத்துப் பெண் எதற்கோ சிரித்தாள், இவளும் இருமிக்கொண்டே சிரித்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். சற்று நேரம் பொறுத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, என்னைச் சுற்றி எட்டிப் பார்த்து, "அம்மா, நீ போ. அடுத்த ரேஸ் மறைக்கறது" என்றாள்.

நான் தள்ளிப் போய் நின்றேன்.